செயின்ட்-மிஷேல் கோவிலில் ஒரு விரதம்

மாண்ட்ரியலில் என்னை முதலில் தோற்கடித்தது ஒரு காகிதத் துண்டு. மெட்ரோவில் ஏறும் நிலையத்திலேயே, தடுப்பைத் தாண்டியதும், ஒரு சிறு இயந்திரத்தை அமுக்கி மாற்றுச் சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கிய பிறகு பேருந்தில் ஏற அதுதான் அத்தாட்சி. காலையில் என் மகள் உமா இதை இரண்டு முறை சொன்னாள். அறநிலையத் துறையில் உதவி ஆணையராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சீட்டைப் பற்றி இரண்டு முறை சொல்வதா என்ற எரிச்சலில் நான் காது கொடுக்கவில்லை.

செயின்ட்-மிஷேல் நிலையத்துக்கு வெளியே பேருந்து ஓட்டுநர் என் வெறுங்கையைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அந்த விதியின் நோக்கம் என்ன, அந்த நோக்கம் என் விஷயத்தில் எப்படி நிறைவேறிவிட்டது என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். பின்னால் நின்ற ஹெய்ட்டி நாட்டு அம்மாள் ஒருவர் பொறுமையாக இருபுறமும் மொழிபெயர்த்தார். கடைசியில் அவர் என்னிடம் சொன்னது: "நீங்கள் சொல்வது நியாயம்தானாம். ஆனால் நியாயத்துக்கும் சீட்டு வேண்டுமாம்." வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கி நடந்தேன்.

அக்டோபர் மாதம். எல்லா விளக்குக் கம்பங்களிலும் அட்டைகள் தொங்கின. கியூபெக் தனி நாடாக வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு கம்பத்தில் 'ஆம்', அடுத்ததில் 'இல்லை'. நம் ஊராக இருந்தால் ஒருவர் அட்டையை மற்றவர் கிழித்திருப்பார். இங்கே இரண்டும் ஒரே காற்றில் ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

நான் போனது ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்கு. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் மகள் வீட்டில் வந்து இறங்கியதிலிருந்து எனக்கு வேலை எதுவும் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை முழுதாகப் படித்து, உமா அதைத் தவறாகப் பயன்படுத்துகிறாள் என்று கண்டுபிடித்திருந்தேன். அவள் செயின்ட்-மிஷேலில் ஓர் அரசு மருத்துவ நிலையத்தில் டாக்டர். அங்கே வந்த ஒரு கன்னியாஸ்திரி, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் வேண்டும், ஆனால் இலங்கைக்காரராக இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்.

"ஏன் அப்படி ஒரு நிபந்தனை?" என்றேன்.

"தெரியலப்பா. அந்தக் கோவில்ல தங்கியிருக்கிற லேடியே அப்படிக் கேட்டாங்களாம். நீங்க போயிட்டு வாங்க. வாஷிங் மெஷினாவது நிம்மதியா இருக்கும்."

கோவில் பெரியது. செம்புக் கூரை பச்சை பூத்திருந்தது. உள்ளே ஒரு தாலுகாவையே உட்கார வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிராமம்கூட வருவதில்லை என்றார் சிஸ்டர் ஜிசேல். கன்னியாஸ்திரி என்றதும் அங்கியும் முக்காடும் எதிர்பார்த்துப் போனேன். ஜீன்ஸ் அணிந்து, ஏணியில் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார். வயது என் வயதுதான் இருக்கும்.

என் பழைய வேலை என்னவென்று கேட்டார். சொன்னேன். "கடவுளுக்கு அரசாங்க அதிகாரியா?" என்றார்.

"கடவுளுக்கு இல்லை. அவருடைய நிலத்துக்கும் நகைக்கும்தான். இங்கே எப்படி?"

"இங்கே என் அம்மா காலத்தில் பாதிரியார்தான் அதிகாரி. யார் எத்தனை பிள்ளை பெற வேண்டும் என்பது வரை அவர் சொல்வார். அதனால்தான் இப்போது யாரும் வருவதில்லை." ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். "வருபவர்களுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பது மட்டும்தான் எங்களிடம் மிச்சம். கீழே வாருங்கள்."

கோவிலுக்குக் கீழே பெரிய கூடம். வாரம் ஒருநாள் அங்கே பிங்கோ ஆட்டம் நடக்கும். கூடத்தின் ஓரத்தில் ஒரு சமையலறை, அதை ஒட்டிய ஒரு சிற்றறை. அந்த அறையில் கோடை காலத்திலிருந்து ஒரு பெண் வசித்து வந்தார். பெயர் பிலோமினா. யாழ்ப்பாணப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஐம்பதை நெருங்குபவர். கணவர் ஷெல் விழுந்து இறந்துபோனார். இங்கே வந்து தையல் ஆலையில் வேலை பார்த்தார். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, நாட்டைவிட்டு அனுப்பும் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள் ஒரு பையோடு இந்தக் கோவிலுக்குள் வந்தார். அங்கிருந்தே மறு விசாரணைக்கு மனு போட்டவர், அதன் பிறகு வாசற்படியைத் தாண்டவில்லை.

தள்ளுபடி உத்தரவைப் படிக்கக் கொடுத்தார். நல்ல நடையில் எழுதப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆபத்து என்றால் கொழும்பில் போய் வாழலாமே என்பது அதன் சாரம். பத்திக்குப் பத்தி ஒழுங்காகப் போனது. எழுதியவர் கொழும்பைப் பார்த்ததில்லை என்பதைத் தவிர வேறு பிழை காண முடியவில்லை.

"கோவிலுக்குள் இருந்தால் பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் பிரிவு சொல்கிறது?" என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"எந்தப் பிரிவும் இல்லை. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வரக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்."

சட்டத்தை நம்பி வாழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லஞ்சத்தை நம்பி வாழ்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளின் கூச்சத்தை நம்பி ஒருவர் வாழ்வதை அங்கேதான் பார்த்தேன். அந்தக் கூச்சத்துக்கு ஒரு காவல் வேண்டும். எந்நேரமும் வெளியார் ஒருவர் பிலோமினாவோடு இருக்க வேண்டும். அதிகாரிகள் வந்தால் பத்திரிகைக்குத் தொலைபேசி செய்ய ஒரு கை, பார்த்ததைச் சொல்ல ஒரு வாய். இதுவரை அந்தப் பங்கின், அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த சபையின், கிழவிகள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். பனி விழுந்தால் அவர்களால் வர முடியாது. கடந்த குளிர்காலத்தில் ஒருவர் கோவில் படியிலேயே வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பங்கின் அறங்காவலர்கள் கூடி முடிவெடுக்கப் போகிறார்கள். இதே கோவிலில் ஞாயிறு பிற்பகல் தமிழ்ப் பூசை நடக்கிறது. அந்தத் தமிழர்கள் முறை எடுத்துக்கொண்டால் பிலோமினா இருக்கலாம். இல்லையென்றால் மாத முடிவில் வெளியேற வேண்டும்.

"தமிழர்கள் மாட்டேன் என்கிறார்களா?" என்றேன்.

"இல்லை, இல்லை. அவர்கள் மிகவும் பக்தி உள்ளவர்கள்," என்றார் சிஸ்டர். "தெரியுமா, இவரைப் பார்க்க வரும்போது விரதம் இருப்பார்கள். ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இவர் படும் துன்பத்தில் பங்கு கொள்கிறார்கள். பங்கின் செய்தித் தாளில்கூட அதைப் பற்றி எழுதினேன். எங்களவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று."

பிலோமினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அந்த அளவுக்குப் புரியும்.

மறுநாளும் போனேன். மாற்றுச் சீட்டை மறக்காமல் எடுத்தேன். ஆனால் ழான்-தலோனில் நீலப் பாதைக்கு மாறும்போது எதிர்த்திசை வண்டியில் ஏறி, நகரத்தின் மறு எல்லையில் போய் இறங்கினேன். பசி. நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் உள்ளூர்ப் பலகாரம் ஒன்றைக் காட்டினார்கள். பெயர் பூட்டின். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் புதிய பாலாடைக் கட்டியைத் தூவி, பழுப்பு நிறக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். மொறுமொறுவென்று வறுத்ததை உடனே ஊற வைப்பதில் என்ன தத்துவம் என்று தெரியவில்லை. ஆனால் நன்றாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகு, குழம்பு மாட்டு எலும்புச் சாற்றில் செய்வது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். தீர்ப்பு எழுதியபின் வந்த சாட்சியத்தை என்ன செய்வது? கோப்பில் சேர்க்காமல் விட்டேன். உமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஒருவழியாகக் கோவிலை அடைந்தேன். "வாங்கோ ஐயா, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சுப் போட்டுக் கதைப்பம்," என்றார் பிலோமினா. இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். அவர் நின்றுகொண்டே நான் குடிப்பதைப் பார்த்தார். கோப்பை காலியான பிறகுதான் உட்கார்ந்தார்.

"என்ர கதை உங்களுக்கு விளங்குதோ?"

"பாதி புரிகிறது."

"மிச்சப் பாதி பேந்து விளங்கும்."

தமிழர்கள் ஏன் முறை எடுக்கத் தயங்குகிறார்கள் என்று கேட்டேன். பயமா? அவர்களில் பலருடைய விண்ணப்பங்களே நிலுவையில் இருப்பதாகச் சிஸ்டர் சொல்லியிருந்தார். அரசாங்கத்தின் கண்ணில் பட அஞ்சுவது இயல்பு.

"பயமும் இருக்கு, ஓம். இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா முதல் மாசம் அதே பயத்தோடதான் எல்லாரும் வந்தவை. சனிக்கிழமையில இந்த அறை கொள்ளாது. என்ன பகிடி, என்ன சிரிப்பு. ஒருநாள் றீற்றா அக்கா கேட்டா, 'பிலோமினா, நீங்கள் ஊரில எவடம்?' எண்டு. சொன்னன். 'எந்தக் கோயிலடி?' எண்டா. அதையும் சொன்னன். பொய் சொல்லத் தெரியாமல் இல்லை ஐயா. மாதா கோயிலுக்குள்ள ஒளிஞ்சிருந்துகொண்டு ஏன் பொய் சொல்லுவான் எண்டு நினைச்சன். அண்டைக்கு ஊத்தின தேத்தண்ணி அப்பிடியே ஆறிப்போச்சு."

"பிறகு?"

"பிறகும் வந்தினம். சுகம் விசாரிப்பினம், செபம் சொல்லுவினம், ஒண்டும் வாயில வைக்கமாட்டினம். பேந்து வாறதும் நிண்டு போச்சு. எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடையில எங்கட ஆக்களுக்கு வேற பேணி. தகரப் பேணி. குடிச்சுப் போட்டு நாங்களே கழுவிக் கவிட்டு வைக்கோணும். கோயிலுக்குள்ள எல்லாருக்கும் ஒரே நற்கருணை அப்பம். வெளியில வந்தால் பேணி வேற. இஞ்ச ரெண்டும் ஒரே கட்டிடத்துக்குள்ள வந்திட்டுது, அதுதான் ஆக்களுக்குக் கஷ்டம்."

"அதனால்தான் இலங்கைக்காரர் வேண்டாம் என்றீர்களா?"

"புது ஆள் வந்தால் அதே கேள்வியில திரும்பத் துவங்கும். நீங்கள் இந்தியா. உங்களுக்கு எங்கட ஒழுங்கையள் தெரியாது."

எங்களுக்கு எங்கள் தெருக்கள் இருக்கின்றன. 'எந்தத் தெரு?' என்று ஒரே ஒரு கேள்வி போதும். அறநிலையத் துறையில் என் நாட்களில் பெரும்பகுதி தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருவுக்குள் வராது என்ற வழக்குகளில்தான் போனது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதது இல்லை.

சனிக்கிழமை தமிழ்ப் பங்குச் சபைத் தலைவர் மரியதாசன் தன் வேனில் வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருக்கு ஒரு தெப்பனேர் இருக்கிறது. தெருமுனைப் பெட்டிக்கடையை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். பால், பீர், லாட்டரிச் சீட்டு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். நல்ல மனிதர். வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் மாத வீடு அவர் கடையின் மாடிதான் என்று வேறு ஆட்கள் சொன்னார்கள், அவர் சொல்லவில்லை. அவருடைய மனைவி றீற்றா எனக்காக மரக்கறி மட்டும் சமைத்திருந்தார். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். சொதி என்பது தேங்காய்ப் பாலில் செய்யும் இளமஞ்சள் குழம்பு. அதைச் சாப்பிட்டவன் பூட்டினை மன்னித்துவிடுவான்.

"ஐயா தஞ்சாவூர்ப் பக்கமெண்டு டொக்டர் சொன்னவ. தஞ்சாவூரில எவடம்?" என்றார் றீற்றா, சொதியை ஊற்றிக்கொண்டே.

சொன்னேன். அவருக்கு அந்த ஊர் தெரியாது. தெரியாததில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "கட்டாயம் செய்யத்தான் வேணும் ஐயா," என்றார் மரியதாசன். "எண்டாலும் ஒரு ஒழுங்கு இருக்கெல்லோ. சபையில ஒரு உபகுழு போட்டிருக்கிறம். ரொறன்ரோ ஆக்களிட்டையும் அபிப்பிராயம் கேட்டிருக்கு. ஒரு வழக்கறிஞரின்ர ஆலோசனையும் எடுக்கோணும். அவசரப்பட்டுச் செய்யிற வேலை இல்லை."

உபகுழு, கருத்துக் கேட்பு, சட்ட ஆலோசனை. மூன்றும் இந்த வரிசையில்தான் வர வேண்டும். மாறினால் கோப்பு தவறிப்போய் முடிவை எட்டிவிடும் ஆபத்து உண்டு. மரியதாசன் ஊரில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவராம். தொழில் தெரிந்தவர்.

"சிஸ்டர் நீங்கள் விரதம் இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாரே?" என்றேன்.

றீற்றா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மரியதாசன் மேசைத் துணியைத் தடவிச் சரிசெய்தார். "அவை அப்பிடி விளங்கிக்கொண்டினம். நல்லாத்தானே நினைக்கினம். அதை ஏன் நாங்கள் கெடுப்பான்?"

"பிலோமினாவுக்கும் அப்படித்தான் விளங்கியிருக்கிறதா?"

அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்டுமில்லை ஐயா. ஆனா நான் தனி ஆள் இல்லை. சபையில கொஞ்சப் பேர் பழைய ஆக்கள். நான் தொடங்கினால் சபை ரெண்டாப் போகும்," என்றார். நான் கண்ட எல்லா ஊர்ப் பெரியவர்களும் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. எப்போதும் வேறு கொஞ்சப் பேருக்குத்தான் இருக்கும்.

ஞாயிறு பிற்பகல் தமிழ்ப் பூசை முடிந்ததும் எல்லாரும் கீழ்க் கூடத்துக்கு வந்தார்கள். பிங்கோ மேசைகளின் ஒருபுறம் கியூபெக்காரர்கள், மறுபுறம் தமிழர்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. நடுவில் பிலோமினா, அவர் பக்கத்தில் நான். அவர் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, சிஸ்டர் அதைப் பிரெஞ்சில் சொல்வார். திரும்பி வரும்போதும் அதே வழி. ஒரு வாக்கியம் போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும். எல்லாக் கூட்டங்களுக்கும் இந்த முறையைப் பரிந்துரைக்கலாம்.

தலைமை அறங்காவலர் ரொசேர் என்ற கிழவர். தடித்த கை, தடித்த புருவம். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். பிலோமினாவுக்கு இடம் கொடுத்ததை ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பவர். ஒளிவு மறைவில்லாமல் பேசினார்.

"கிறிஸ்துமஸுக்கு ஏழை வீடுகளுக்குக் கூடை கொடுக்கிறோம். நானே தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறேன். அது கோவிலின் வேலை. அரசாங்கத்தை எதிர்த்து நிற்பது கோவிலின் வேலை இல்லை."

சிஸ்டர் மொழிபெயர்ப்பாளர் வேலையை ஒரு நிமிடம் மறந்து பதில் சொன்னார். பிறகு எனக்காக ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்: "கூடை கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடலாம், கதவைத் திறந்தவர் அங்கேயே நிற்க வேண்டும் என்று சொன்னேன். ரொசேர், உன் அப்பா இந்தக் கோவிலில் எங்கே நின்றார் என்று இவர்களுக்குச் சொல்."

ரொசேர் முகம் சிவந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது கோவில் இருக்கைகளை ஏலம் விடுவார்களாம். முன்வரிசை பணக்காரக் குடும்பங்களுக்கு, பெயர் பொறித்து. ஏலம் எடுக்க முடியாதவர்கள் பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். "என் அப்பா சாகும்வரை நின்றே பூசை பார்த்தார்," என்றார் ரொசேர். "அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆள் இல்லாமல் இந்த அம்மாளை இங்கே வைத்திருக்க முடியாது. இவருடைய சொந்த ஜனங்களே, இவருக்காக விரதம் இருப்பவர்களே, வந்து உட்காரத் தயங்குகிறார்கள். பிறகு எங்கள் கிழவிகள் ஏன் பனியில் விழ வேண்டும்? வாரத்தின் ஏழு நாளுக்கும் ஆள் கொடுங்கள். நானே கை தூக்குகிறேன். ஒரு நாள் குறைந்தாலும் மாட்டேன்."

மரியதாசன் எழுந்து உபகுழுவைப் பற்றிச் சொன்னார். ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார்.

அவர் உட்கார்ந்ததும் பிலோமினா என் முழங்கையைத் தொட்டார். "நான் ஒண்டு சொல்லோணும் ஐயா. உள்ளபடி சொல்லுங்கோ. கூட்டாமல், குறைக்காமல்."

எழுந்து நின்றார். தமிழர் பக்கம் பார்த்துப் பேசினார். "வாறவை வரட்டும். எனக்கு விருப்பம்தான். ஆனா வாறவை நான் போடுற தேத்தண்ணியைக் குடிக்கோணும். குடிக்காதவை வரவேண்டாம். ஏழு நாளுக்கும் ஆள் கிடைக்காட்டி நான் எயார்ப்போட்டுக்குப் போறன்."

சமாதானக் கூட்டங்களில் ஒரு தரப்பு சொன்னதை மறுதரப்புக்கு எடுத்துச் செல்லும்போது முனையை மழுங்கச் செய்வதே என் தொழிலாக இருந்தது. இங்கே முனையை மழுக்க இடமே இல்லை. சொன்னது தேநீரைப் பற்றி. உள்ளபடியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

சிஸ்டர் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் கியூபெக்காரர்கள் பக்கம் சிரிப்பும் நெகிழ்ச்சியுமாக ஒரு சலசலப்பு. ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் அம்மாவும் இப்படித்தான்," என்றார் ரொசேர். "சூப் குடிக்காமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது."

தமிழர் பக்கம் நாற்காலிச் சத்தம்கூட இல்லை.

சிஸ்டர் ஜிசேல் முகம் மலர்ந்து அவர்கள் பக்கம் திரும்பினார். "அப்படியானால் உங்கள் விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவரே கேட்கிறார். இப்போதே தொடங்கலாமே." பிங்கோவுக்கு வாங்கிய பெரிய காப்பிப் பாத்திரத்தில் பிலோமினா தேநீர் தயாராக வைத்திருந்தார். சிஸ்டர் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

நான் பிலோமினாவிடம் குனிந்து, "இவர்களுக்கு விஷயத்தை விளக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் ஐயா. விளங்க வேண்டியவைக்கு விளங்கிட்டுது."

முதல் கோப்பையை எடுத்தவர் ரொசேர். பால் கேட்டார். தமிழர் பக்கத்திலிருந்து முதலில் வந்தது கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். அவளுடைய மாமியார் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். "விடுங்கோ மாமி, இவ மாதிரித்தான் நானும் வழக்கில நிக்கிறன்," என்று சொல்லிவிட்டு வந்து, பிள்ளையை என் கையில் கொடுத்து, நின்றபடியே குடித்தாள். "திங்கள் எனக்குப் போடுங்கோ. வேலை இல்லாத நாள்." அவளுக்குப் பிறகு ஒரு கணவனும் மனைவியும், இருவருக்குமாக மூன்று நாள். பிறகு டாக்சி ஓட்டும் ஒருவர். இரண்டு கோப்பை குடித்தார், இரண்டு நாள் எடுத்தார். சில குடும்பங்கள் கோட்டுகளை மாட்டிக்கொண்டு படியேறின. படியேறியவர்களை யாரும் கூப்பிடவில்லை. நிலைமை சிஸ்டருக்கு அப்போது பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோப்பை அடுக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

கடைசியில் புதன்கிழமைக்கு ஆள் இல்லை. ரொசேர் விரலை மடக்கி மடக்கி இரண்டு முறை எண்ணினார். "புதன்," என்றார். எல்லாரும் மரியதாசனைப் பார்த்தார்கள். சபையின் பழைய ஆட்கள் என்று அவர் சொன்ன கொஞ்சப் பேரும் அவர் பின்னால் உட்கார்ந்து அவரைத்தான் பார்த்தார்கள். பக்கத்தில் றீற்றா மடியிலிருந்த செபமாலையைப் பைக்குள் போட்டு, பையை மூடி, மறுபடி திறந்தார்.

பிலோமினா ஒரு கோப்பையோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"எனக்குச் சீனி வருத்தம்," என்றார் மரியதாசன். நீரிழிவைத்தான் அவர்கள் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள்.

"சீனி போடேல்லை அண்ணை."

மரியதாசன் கோப்பையை வாங்கினார். அதில் ஆவி பறந்தது. ஆறட்டும் என்று கையிலேயே வைத்திருக்கலாம். அதற்கும் நடைமுறை உண்டு. அவர் வைத்திருக்கவில்லை. சூட்டோடு குடித்தார். கண்ணில் நீர் வந்தது. சூட்டினால் என்றே குறித்துக்கொள்கிறேன். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ எழுந்து போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"புதன் நான் வாறன்," என்றார்.

ரொசேர் கையைத் தூக்கினார். மற்ற அறங்காவலர்களும் தூக்கினார்கள். குளிர்காலம் முடியும்வரை, மறு விசாரணை மனுவுக்குப் பதில் வரும்வரை, பிலோமினா அங்கே இருக்கலாம் என்று முடிவானது. கிழவிகள் கைதட்டினார்கள். பிலோமினா கைதட்டலைக் கவனிக்கவில்லை. காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, மரியதாசனிடம் மட்டும் கேட்கும்படி பேசினார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"புதன் எண்டால் நான் புட்டு அவிக்கிற நாள். ஒரு மணிக்குச் சாப்பாடு."

"றீற்றா சமைச்சுக் கட்டித் தருவா," என்றார் மரியதாசன்.

"அதையும் கொண்டு வாங்கோ. நான் சாப்பிடுவன்."

மரியதாசன் மனைவியைப் பார்த்தார். றீற்றா பையை மூடினார். "கத்தரிக்காய் பொரிச்சு விடுறன்," என்றார், பிலோமினாவை நேராகப் பார்க்காமல். "புட்டுக்கு நல்லா இருக்கும்."

சிஸ்டர் ஜிசேல் என் அருகே வந்தார். அவர்கள் என்ன முடிவு செய்கிறார்கள் என்று கேட்டார்.

"சாப்பாடு," என்றேன்.